பெப்பர் ஸ்ப்ரேயா, அலாரமா, ஊக்கா: தங்கச்சிக்கு என்ன வாங்குறது?

தங்கச்சிக்கு சென்னை ஓஎம்ஆர்ல வேலை கிடைச்சிருக்கு. சந்தோஷம்தான், ஆனா மாசத்துல பாதி நாள் மதியம் ஆரம்பிச்சு ராத்திரி பதினொன்னரைக்கு முடியிற ஷிஃப்ட்டு. கம்பெனி கேப் உண்டு, ஆனா அது ஹாஸ்டல் தெருவுக்குள்ள திரும்பாது, மெயின் ரோட்டுலயே இறக்கிவிட்டுட்டு போயிடும், அங்கேருந்து ஆறேழு நிமிஷம் நடக்கணும், நடுவுல ஒரு காலி மனை, ஒரு டாஸ்மாக். கடையை பத்து மணிக்கு மூடினாலும் வாசல்ல கூட்டம் கலையாது. இதைக் கேட்டதுலேருந்து அம்மாவுக்குத் தூக்கமே இல்ல, தினமும் எனக்கு போனைப் போட்டு "ஏதாவது ஒன்னு வாங்கி அவ பையில போடுடி, ஒன்னும் கிடைக்கலன்னா மிளகாப்பொடியாவது பொட்டலம் கட்டிக் குடு"ன்னு ஒரே பல்லவி. மிளகாப்பொடி வேணாம்மா, காத்து திரும்புச்சுன்னா இவ கண்ணுலதான் விழும்னு சொல்லிட்டு, சரி உருப்படியா என்னதான் இருக்குன்னு பார்க்க உக்காந்தேன், ரெண்டு வாரம் ஓடிப் போச்சு.

பாத்தா என்னென்னமோ இருக்கு. பூட்டு வச்ச உள்ளாடை, ஷாக் அடிக்கிற செருப்பு, மயக்க மருந்து கலந்த கூல்டிரிங்க்ஸைக் கண்டுபிடிக்கிற நெயில் பாலிஷ், டாலர் மாதிரி கழுத்துல தொங்குற பட்டன். நான் ஒவ்வொன்னையும் ஒரே மாதிரிதான் பார்த்தேன். அந்த நேரத்துல அது கைக்கு எட்டுற இடத்துல இருக்குமா, அந்தப் பதட்டத்துல கை வேலை செய்யுமா, அதை அமுக்கினப்புறம் யாராவது வருவாங்களா. ரெண்டாவது கேள்வி சும்மா கேக்கல. ஸ்டாக்ஹோம்ல பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகி சிகிச்சைக்கு வந்த 298 பெண்கள்கிட்ட கேட்டு 2017ல ஒரு ஆய்வு வந்துச்சு, அதுல 70 சதவீதம் பேர் அந்த நேரத்துல உடம்பு மரத்துப்போய் அசையவே முடியலன்னு சொல்லியிருக்காங்க. கோழைத்தனம் இல்ல அது, உடம்பே தானா அப்படிப் போயிடுது. அப்போ "பட்டனை அமுக்கினா போதும்"னு விளம்பரத்துல சொல்றாங்களே, அந்தப் "போதும்"ல பெரிய ஓட்டை இருக்கு.

இன்னொரு நம்பரையும் முன்னாடியே சொல்லிடறேன், ஏன்னா எந்தக் கம்பெனியும் இதைப் பெட்டி மேல போடாது. 2021ல நாடு முழுக்க பதிவான ரேப் கேஸ் 31,677, அதுல 96 சதவீதத்துக்கு மேல குற்றவாளி அந்தப் பொண்ணுக்கு ஏற்கனவே தெரிஞ்சவன்னு தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தோட (என்சிஆர்பி) கணக்கே சொல்லுது. சொந்தக்காரன், பக்கத்து வீட்டுக்காரன், கூட வேலை பாக்குறவன், கல்யாணம் பண்ணிக்கிறேன்னு சொன்னவன். கூட வாழுற புருஷன் இந்தக் கணக்குலயே வரமாட்டான், பொண்டாட்டிகிட்ட பண்ணா ரேப் ஆகாதுன்னு பழைய சட்டத்துல இருந்த விலக்கு புது சட்டத்துலயும் இருக்கு. ஆனா டிவைஸ் விக்கிறவங்க வீடியோவுல எல்லாம் எப்பவும் இருட்டு, எப்பவும் முகம் தெரியாத ஒருத்தன். பொள்ளாச்சி கேஸை யோசிச்சுப் பாருங்க, சோஷியல் மீடியாவுல பழகி, நம்ப வச்சு, கூட்டிட்டுப் போயி, வீடியோ எடுத்து மிரட்டுனாங்க, 2025 மே மாசம் ஒன்பது பேருக்கும் சாகுற வரைக்கும் ஜெயில்னு தீர்ப்பு வந்துச்சு. அந்தப் பொண்ணுங்க பையில பெப்பர் ஸ்ப்ரே இருந்திருந்தா என்ன பண்ணியிருக்கும்? பிரெண்டுன்னு நம்பி வண்டியில ஏறுறப்ப யாரு ஸ்ப்ரேயைக் கையில பிடிச்சுட்டு ஏறுவா.

சரி, உடம்புல மாட்டிக்கிற ஐட்டங்களுக்கு வருவோம், ஏன்னா நியூஸ்ல வர்றது எல்லாம் இதுதான். முதல்ல ரேப் ஆக்ஸ். தென்னாப்பிரிக்காவுல சோனெட் ஏலர்ஸ்னு ஒரு அம்மா, ரத்தப் பரிசோதனை டெக்னீஷியனா இருந்தவங்க, 2005ல வெளியிட்டாங்க. பெண் தன் உடம்புக்குள்ள வச்சுக்கிற லேடெக்ஸ் உறை, உள்பக்கம் முள்ளு முள்ளா இருக்கும், பலாத்காரம் பண்றவன் மேல குத்திப் பிடிச்சுக்கும், டாக்டர்கிட்ட போனாத்தான் எடுக்க முடியும், அப்போ மாட்டிக்குவான், இதுதான் ஐடியா. பல வருஷத்துக்கு முன்னாடி அவங்க பார்த்த ஒரு பொண்ணு "அங்க எனக்குப் பல்லு இருந்திருந்தா"ன்னு சொன்னாளாம், அதுலேருந்து பொறந்த யோசனை. 2010 உலகக் கோப்பை ஃபுட்பால் அப்போ இலவசமா குடுக்கப் போறாங்கன்னு உலகம் முழுக்க பேச்சு, ஆனா கடையில போய் வாங்குற பொருளா அது மாறவே இல்ல. படிக்கிறப்ப எனக்கும் முதல்ல "வேணும்டா உங்களுக்கு"ன்னுதான் தோணுச்சு, பொய் சொல்லல. அப்புறம் யோசிச்சா, குத்துனதுக்கு அப்புறம் வலியில வெறி புடிச்ச ஒருத்தன் கூட அதே அறையில இருக்கப் போறது அந்தப் பொண்ணுதான். அதோட அது வேலை செய்யுறதே அந்தக் கொடுமை ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான், தடுக்குறதுக்கு இல்ல. தினமும் காலையில பல் தேய்ச்சுட்டு "இன்னைக்கு யாராவது என்னை"ன்னு நினைச்சுட்டு அதை மாட்டிக்கிட்டு ஆபீஸ் போகணும். என் தங்கச்சிகிட்ட இதை நீட்டவே எனக்கு மனசு வராது.

நம்ம ஊர்ல இருந்தே ஒன்னு வந்துச்சு, நிறைய பேருக்கு ஞாபகம் இருக்கும். 2013ல, டெல்லி பஸ் சம்பவம் நடந்து சில மாசத்துல, காட்டாங்குளத்தூர் எஸ்ஆர்எம் இன்ஜினியரிங் ஸ்டூடண்ட்ஸ் மூணு பேர் சேர்ந்து "ஷீ"ன்னு ஒரு உள்ளாடை பண்ணாங்க. அழுத்தம் தெரியிற சென்சார், ஜிபிஎஸ், வீட்டுக்கும் போலீசுக்கும் மெசேஜ், கை வச்சவனுக்கு ஷாக். 3,800 கிலோவோல்ட் ஷாக்னு பேப்பர்ல போட்டாங்க, நம்ம ஊரு பெரிய டவர் லைன்லயே ஓடுறது 400லேருந்து 800 கிலோவோல்ட்தான், எங்கேயோ ஒரு சைபர் ஜாஸ்தி ஆயிருக்கும்னு விட்டுட்டேன். அந்தப் பசங்க வயசுல அதைப் பண்ணது பெரிய விஷயம், நக்கல் பண்ணல. ஆனா நெஞ்சு மேல சென்சாரும் பேட்டரியும் மாட்டிக்கிட்டு சித்திரை வெயில்ல வேர்த்து ஊத்த ஷேர் ஆட்டோல இடுக்கி உக்காந்தா என்ன ஆகும், தினமும் எப்படித் துவைக்கிறது, பக்கத்துல உக்காந்த பாட்டி முழங்கை இடிச்சா பாட்டிக்கு ஷாக் அடிக்குமா, இதுக்கெல்லாம் பதில் இல்லாமத்தான் அது நின்னு போச்சுன்னு நினைக்கிறேன். அந்த டீம்ல இருந்த மனிஷா மோகன் அப்புறம் அமெரிக்காவுல எம்ஐடி மீடியா லேபுக்குப் போயி 2017ல "இன்ட்ரெபிட்"னு ஒன்னு காட்டினாங்க, துணியில ஸ்டிக்கர் மாதிரி ஒட்டிக்கிறது, யாராவது வலுக்கட்டாயமா துணியை இழுத்தா தானா போன் மூலமா அஞ்சு பேருக்குத் தகவல் போயிடும். இது பரவால்ல, ஷாக்கை எல்லாம் தூக்கிப் போட்டுட்டு "அவ மயக்கத்துல இருந்தாலும், உறைஞ்சு போயிருந்தாலும் வேலை செய்யணும்"ங்குற இடத்துக்கு வந்திருக்காங்க. நான் மேல சொன்ன ரெண்டாவது கேள்விக்கு நேரா பதில் சொல்ற ஒரே டிவைஸ் இதுதான், ஆனா என் கைக்குக் கிடைக்கிற பொருள் இல்ல.

அதே 2013ல ஏஆர் வேர்னு ஒரு உள்ளாடை, கிழிக்கவும் முடியாது கழட்டவும் முடியாது, பெல்ட்டுல லாக். ஆன்லைன்ல நிதி திரட்டுனப்ப 50,000 டாலருக்கு மேல சேர்ந்துச்சு, திட்டும் அதே அளவு சேர்ந்துச்சு, ஏன்னா நாளைக்கு கோர்ட்டுல "நீ ஏன் அந்த ஜட்டி போட்டுட்டுப் போகல"ன்னு கேக்குற நிலைமை வந்துடும்னு. எனக்கு அதைவிட சின்ன சந்தேகம், அவசரமா பாத்ரூம் வந்தா என்ன பண்றது.

நெயில் பாலிஷ் கதை வேகமா. 2014ல வட கரோலினா ஸ்டேட் யுனிவர்சிட்டி பசங்க நாலு பேர், விரலை டிரிங்க்ல விட்டுக் கலக்கினா, மருந்து கலந்திருந்தா கலர் மாறும்னு சொன்னாங்க. நெயில் பாலிஷ் கடைசி வரைக்கும் வரல, அதே கம்பெனி அப்புறம் காசு சைஸ்ல ஒரு டெஸ்ட் சிப் கொண்டு வந்துச்சு, ஆனா அது பென்சோடயசபைன்ங்குற தூக்க மாத்திரை வகை மருந்துகளைத்தான் காட்டும். உண்மையில அதிகமா பயன்படுத்தப்படுற மயக்க மருந்து சாதாரண சாராயம்தான், அதைக் கண்டுபிடிக்க சிப் எதுக்கு. தங்கச்சி குடிக்கிறதும் இல்ல, அதனால நெக்ஸ்ட்.

பெப்பர் ஸ்ப்ரே. இதுதான் எல்லாரும் முதல்ல சொல்றது, சில நூறு ரூபாய்க்கு ஆன்லைன்லயே கிடைக்கும், இந்தியாவுல லைசென்ஸ் வேணாம். உள்ள இருக்குறது மிளகாய்ச் சாறுதான், அம்மா சொன்ன பொட்டலத்தோட படிச்ச தம்பின்னு வச்சுக்கலாம். கண்ணுல பட்டா இமை தானா மூடிக்கும், இருமல் வரும், முக்கா மணி நேரம் வரைக்கும் ஆளால சரியா பார்க்க முடியாது, அந்த நேரத்துல ஓடிடலாம். ஒழுங்கா பட்டா நிஜமாவே வேலை செய்யுற பொருள், அதுல எனக்கு மாற்றுக்கருத்து இல்ல. பிரச்சினை அந்த "ஒழுங்கா"லதான். நான் வேலைக்குப் போன புதுசுல ஒன்னு வச்சிருந்தேன், ரெண்டு வருஷம் ஹேண்ட்பேக் அடியில சில்லறை, லிப் பாம், ஹேர்பின் எல்லாத்துக்கும் கீழ கிடந்துச்சு, ஒரு நாள் எடுத்துப் பார்த்தா மூடி லூசாகி உள்ளேயே கசிஞ்சிருக்கு, அது தெரியாம அதே கையால கண்ணைத் தேய்ச்சு நான் ஆபீஸ் பாத்ரூம்ல அரை மணி நேரம் அழுதது தனிக் கதை. என் வாழ்க்கையில அந்த ஸ்ப்ரே தாக்குன ஒரே ஆள் நான்தான். எக்ஸ்பயரி தேதி வேற உண்டு, நாள் ஆக ஆக அழுத்தம் குறைஞ்சு பீச்சி அடிக்காம ஒழுகும். ஆஸ்துமா இருக்குறவங்க வச்சிருந்தா அவங்களுக்கே ஆபத்து. ஃபேன் ஓடுற ரூமுக்குள்ளயோ கார் உள்ளயோ அடிச்சா ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான். ஃபிளைட்ல கேபினுக்குள்ள எடுத்துட்டுப் போக முடியாது. வெளிநாட்டுல இருக்குற நம்ம பொண்ணுங்க கவனிங்க, இங்கிலாந்துல இது துப்பாக்கிச் சட்டத்துலயே தடை செஞ்ச ஆயுதம், கனடாவுலயும் மனுசன் மேல அடிக்கிற ஸ்ப்ரேயை வச்சிருக்கவே கூடாது, ஊர்லேருந்து அம்மா பார்சல்ல வச்சு அனுப்பினா நீங்கதான் பதில் சொல்லணும்.

இங்கேயும் ஒரு விஷயம் இருக்கு. 2024 மே மாசம் கர்நாடக ஹைகோர்ட், ஒரு தகராறுல பெப்பர் ஸ்ப்ரே அடிச்ச தம்பதி மேல இருந்த கேஸை ரத்து பண்ண மாட்டேன்னு சொன்னப்ப அதை ஆபத்தான ஆயுதம்னே சொல்லுச்சு. அதுக்காகப் பயப்பட வேணாம், அது உயிருக்கு ஆபத்தே இல்லாத சண்டையில அடிச்சது. பலாத்கார முயற்சியில தற்காத்துக்கிறது நம்ம சட்டப்படி உரிமை, பாரதிய நியாய சன்ஹிதா 38வது பிரிவு, முன்னாடி ஐபிசி 100, தற்காப்புல எதிராளி செத்தே போனாலும் அது குற்றம் ஆகாதுங்குற அளவுக்குப் போகுது. பார்க்கிங் சண்டைக்கு எடுத்து அடிச்சா மட்டும் மாட்டிக்குவீங்க.

பர்சனல் அலாரம். சாவிக்கொத்து மாதிரி இருக்கும், பின்னை இழுத்தா 120, 130 டெசிபல்ல கத்தும், நம்ம தொண்டையால அவ்வளவு நேரம் கத்த முடியாது. குறி பார்க்க வேணாம், காத்து எந்தப் பக்கம்னு பார்க்க வேணாம், அவன் பிடுங்கி நம்ம மேலயே திருப்பி விட முடியாது, வெளிநாட்டுக்கு எடுத்துட்டுப் போனாலும் பொதுவா பிரச்சினை இல்ல, கை நடுங்கினாலும் ஒரு இழுப்புதான். எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போய் ஒன்னு வாங்கிட்டேன். அம்மா வந்திருந்தப்ப "இது என்னடி"ன்னு பின்னை இழுத்துட்டாங்க, ராத்திரி ஒன்பது மணி, எங்க ஃபிளாட்ஸ்ல ஒரு மாடிக்கு நாலு வீடு, பின்னைத் திரும்ப சொருகத் தெரியாம நான் முழிச்ச ஒரு நிமிஷமும் அது அலறுது. ஒரு கதவு திறக்கணுமே. மறுநாள் எதிர்வீட்டு ஆன்ட்டி "யாரோட கார் அலாரமோ நேத்து உயிரை வாங்கிடுச்சு"ன்னு என்கிட்டயே கம்ப்ளெயின்ட். அதாவது அலாரம் யாரையும் வரவழைக்கும்னு நம்பி வாங்காதீங்க, அது அவனைத் திடுக்கிட வைக்கும், மாட்டிக்குவோமோன்னு யோசிக்க வைக்கும், அந்த ரெண்டு செகண்டுதான் நீங்க வாங்குற பொருள். ஆள் நடமாட்டம் இருக்குற ரோட்டுக்கு சரி, காலி மனைக்குப் பக்கத்துல பாதிதான் சரி.

போன். எல்லார் கையிலயும் இருக்கு, பாதிப் பேர் செட் பண்ணி வச்சிருக்கிறதில்ல. 2017 ஜனவரி 1லேருந்து இந்தியாவுல விக்கிற ஒவ்வொரு மொபைல்லயும் பேனிக் பட்டன் இருக்கணும்னு ரூலே இருக்கு, பட்டன் போன்ல 5 இல்லன்னா 9ஐ அழுத்திப் பிடிக்கணும், ஸ்மார்ட்போன்ல பவர் பட்டனை வேகமா மூணு தடவை, சில மாடல்ல அஞ்சு தடவை. போனுக்குப் போன் மாறுறதால செட்டிங்ஸ்ல எமர்ஜென்சின்னு தேடிப் பார்த்து யாருக்குப் போகணும்னு நம்பரைப் போட்டு வைங்க, ஆனா டெஸ்ட் பண்றேன்னு அவசர உதவி நம்பர் 112க்கு அடிச்சுடாதீங்க. தமிழ்நாட்டுக்குன்னு 2018ல காவலன் எஸ்ஓஎஸ் வந்துச்சு, 2022ல காவல் உதவி ஆப், சிவப்பு பட்டனை அமுக்கினா லொகேஷனோட கன்ட்ரோல் ரூமுக்குப் போகும். குறை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், சார்ஜ் இருக்கணும், நெட் இருக்கணும், போலீஸ் வண்டி வந்து சேரணும், அவன் முதல்ல தட்டி விடப் போறதும் போனைத்தான். அதனால போனை நான் ஆயுதமா பார்க்கல, கிளம்புறதுக்கு முன்னாடி செய்யுற வேலைக்கு வச்சிருக்கேன். வாட்ஸ்ஆப் லைவ் லொகேஷனை கேப் ஏறுறப்பவே ஒரு மணி நேரத்துக்குப் போட்டு விட்டுடணும், அதை யாராவது ஒருத்தர் நிஜமாவே முழிச்சிருந்து பார்க்கணும், எங்க வீட்டுல அது நான். தெரிஞ்சவன் கூட எங்கயாவது போறப்பவும் உதவுற ஒரே பொருள் இதுதான், "அக்காவுக்கு லொகேஷன் போட்டிருக்கேன்"னு அவன் காதுபட சொல்றதே ஒரு வேலை செய்யும்.

கழுத்துல தொங்குற ஸ்மார்ட் டாலர் எல்லாம் இந்த போனோட நீட்சிதான். டெல்லி ஸ்டார்ட்அப் ஒன்னு, லீஃப் வேரபிள்ஸ், 2018ல பெண்கள் பாதுகாப்புக்கான எக்ஸ்பிரைஸ் போட்டியில பத்து லட்சம் டாலர் ஜெயிச்சாங்க, 40 டாலருக்குள்ள இருக்கணும், 90 செகண்டுக்குள்ள தகவல் போகணும்னு அந்தப் போட்டிக்கே கண்டிஷன். நல்ல கண்டிஷன். ஆனா அதுக்கும் தினம் சார்ஜ் போடணும்னா என் தங்கச்சி மூணாவது நாள் மறந்துடுவா, அவளை எனக்குத் தெரியும்.

ஊக்கு. சிரிக்காதீங்க. அம்மா 29சி பஸ்ல காலேஜ் போன காலத்துல வளையல்ல நாலு ஊக்கு கோத்து வச்சிருப்பாங்களாம், பின்னாடி வந்து உரசுறவன் தொடையில ஒரு குத்து, "ஐயோ"ன்னு கத்தினா மொத்த பஸ்ஸும் அவனைத் திரும்பிப் பார்க்கும். விலை கிட்டத்தட்ட இல்ல, பேட்டரி வேணாம், எக்ஸ்பயரி கிடையாது, எப்பவும் கைக்கு எட்டுற இடத்துல. பலாத்காரத்தை நிறுத்தாது, அது வேற. ஆனா பஸ்ல தினம் நடக்குறதுக்கு இன்னைக்கு வரைக்கும் இதைவிட நல்ல டிவைஸ் எவனும் பண்ணல. 2022லேருந்து சென்னை எம்டிசி பஸ்ல கேமராவும் பேனிக் பட்டனும் வச்சிருக்காங்க, நல்ல விஷயம், கூட்டத்துல அந்த பட்டன் வரைக்கும் கை போச்சுன்னா.

கடைசியா, பெட்டியில வராத ஒன்னு, அதுக்குத்தான் உருப்படியான ஆதாரம் இருக்கு. கனடாவுல மூணு யுனிவர்சிட்டியில முதல் வருஷம் படிக்கிற 893 பொண்ணுங்களை ரெண்டா பிரிச்சு, ஒரு பாதிக்கு மூணு மூணு மணி நேரமா நாலு கிளாஸ், இன்னொரு பாதிக்கு வெறும் பிரோஷர். விண்ட்ஸர் யுனிவர்சிட்டி சார்லீன் சென் நடத்தினது, 2015ல நியூ இங்கிலாந்து மெடிக்கல் ஜர்னல்ல வந்துச்சு. ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா பிரோஷர் வாங்கின குரூப்புல பலாத்காரத்துக்கு ஆளானவங்க 9.8 சதவீதம், கிளாஸ் போன குரூப்புல 5.2. கிட்டத்தட்ட பாதி. கராத்தே மட்டும் சொல்லித் தரல, தெரிஞ்சவன் எல்லை மீறப் போறான்னு எப்படி முன்னாடியே கண்டுக்கிறது, "அவர் தப்பா நினைச்சுக்குவாரோ"ங்குற கூச்சத்தை எப்படித் தாண்டுறது, எப்படிக் கத்துறது, எங்க அடிக்கிறது, இதெல்லாம். நம்மள "சத்தமா பேசாத, பெரியவங்களை எதிர்த்துப் பேசாத"ன்னு சொல்லிச் சொல்லியே வளர்த்த வீடுகள்ல அந்தக் கூச்சத்தைத் தாண்டுற பாடம்தான் முதல்ல வேணும்னு எனக்குத் தோணுது. அச்சு அசல் அதே கோர்ஸ் நான் தேடின வரைக்கும் பக்கத்துல சிக்கல, ஆனா வாய் திறந்து கத்தச் சொல்லித் தர்ற செல்ஃப் டிஃபென்ஸ் கிளாஸ் ஒன்னு ஹாஸ்டல் பக்கத்துலயே ஞாயித்துக்கிழமை நடக்குது, ஃபீஸ் கட்டிட்டேன்.

ஆக என்ன வாங்கினேன்னா, அலாரம் ஒன்னு, பை உள்ள இல்ல, தோள் பட்டையில வெளிய தொங்குற மாதிரி. பெப்பர் ஸ்ப்ரே வேணுமான்னு அவளையே கேட்டேன், "நடக்குறப்ப கையில வச்சுக்கிறேன், பையில போட மாட்டேன்"னா, சரி அதுக்கு மட்டும்னு சின்னது ஒன்னு, எக்ஸ்பயரி தேதியை ரெண்டு பேர் போன் காலண்டர்லயும் போட்டாச்சு, மொட்டை மாடியில தண்ணி ஸ்ப்ரே பாட்டில் வச்சு குறி பார்த்துப் பழகினோம், அவ என் மூஞ்சியில ரெண்டு தடவை அடிச்சா.

இவ்வளவும் எழுதி முடிக்கிறப்பதான் எனக்கே உறைச்சுது, இந்தப் பொருள் எல்லாம் அந்த ஆறேழு நிமிஷ நடைக்கு, அந்த நடையையே இல்லாம பண்ணா என்ன? தமிழ்நாட்டுல ராத்திரி எட்டு மணிக்கு மேல பெண்களை வேலைக்கு வச்சா பாதுகாப்புக்கும் போக்குவரத்துக்கும் நிறுவனம்தான் ஏற்பாடு பண்ணணும்னு 2019லேருந்தே அரசாணை சொல்லுது. அதைக் காட்டி தங்கச்சியும் அதே ரூட்ல வர்ற நாலு பொண்ணுங்களும் சேர்ந்து ஹெச்ஆருக்கு ஒரு மெயில் போட்டாங்க, ரெண்டு தடவை ஞாபகப்படுத்த வேண்டியிருந்துச்சு, இப்போ கேப் ஹாஸ்டல் கேட் வரைக்கும் வருது. தெரு முனையில வண்டி திருப்ப இடமில்லன்னு டிரைவர் அண்ணன் தினமும் முனகுறாராம், முனகட்டும்.

அம்மா மட்டும் எதையும் நம்பல. போன வாரம் வந்துட்டுப் போனப்புறம் தங்கச்சி பையில பார்த்தா, அலாரத்துக்குப் பக்கத்துல பிரிக்காத ஊக்கு அட்டை ஒன்னு.